மெமென்டோ பார்க், புடாபெஸ்ட்: பதவி போன சிலைகளோடு அரை நாள்

புடாபெஸ்டுக்கு வரும் நம் ஆட்கள் பார்லிமென்ட், கோட்டை, வெந்நீர்க் குளியல், டான்யூப் படகு என்று முடித்துக்கொண்டு வியன்னாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். மெமென்டோ பார்க் யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது. ஊருக்குத் தென்மேற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி, பாலட்டோன் ஏரிக்குப் போகிற பழைய சாலை ஓரத்தில் இருக்கிற ஒரு பொட்டல் அது. அங்கே பார்க்கப் போவதோ லெனினையும் ஸ்டாலினின் பூட்ஸையும். விடுமுறைக்கு வந்தவர் யார் இதற்கு அரை நாள் ஒதுக்குவார்?

ஆனாலும் இந்த ஊரில் குடியிருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒதுக்கலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கெல்லேர்ட் குன்றுக்கு அடுத்து நான் கூட்டிப் போவது இங்கேதான். இந்த முறை வந்தது என் மாமனார். கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் தொழிற்சங்கக்காரர். ஜனவரி 8 வந்தால் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தியாகிகளின் நினைவிடத்துக்கு மாலையோடு கிளம்பிவிடுவார். அவரை இந்த இடத்துக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு சின்ன விவாதமே நடந்தது. "அப்பா வருத்தப்படுவார்" என்றார் என் கணவர். "லெனின் சிலை இருக்குங்கறீங்க, அப்புறமென்ன யோசனை?" என்று மாமா முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முதலில் இது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். 1989-90இல் ஹங்கேரியில் கம்யூனிஸ்டுகளின் ஒற்றைக் கட்சி ஆட்சி முடிந்ததும், தெருத் தெருவாக நின்ற சிலைகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. உடைக்கலாம், உருக்கலாம், அப்படியே விடலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் புடாபெஸ்ட் மாநகர சபை 1991இல் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. ஆகோஷ் எலெயோட் என்ற கட்டடக் கலைஞர் ஜெயித்தார். 1993இல் பூங்கா திறந்தது. 42 சிலைகளும் நினைவுச் சின்னங்களும் இங்கே இருக்கின்றன. எலெயோட் இதைக் கேலிக்கூடமாகக் கட்டவில்லை. பூங்கா சர்வாதிகாரத்தைப் பற்றியது, ஆனால் அதைப் பற்றிப் பேசவும் கட்டவும் முடிகிறது என்பதாலேயே இது ஜனநாயகத்தைப் பற்றியதும்கூட என்பது அவர் நிலை. அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

வாசல் பெரிய செங்கல் முகப்பு. ஏதோ பழைய கோயிலின் முன்பக்கம் போல வளைவும் தூணுமாக இருக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் சுவர். நடுவில் பெரிய இரும்புக் கதவு. அது மூடியே இருக்கும், நாம் பக்கத்துச் சின்ன வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பக்க வளைவில் லெனின், இன்னொன்றில் மார்க்ஸும் எங்கெல்ஸும். இந்த லெனின் பால் பாட்சாய் செய்தது, 1965இல் ஊர்வலச் சதுக்கத்தில் வைத்தார்கள். 1989இல் பழுது பார்க்க என்று சொல்லி இறக்கினார்கள். பழுது பார்த்து முடிவதற்குள் ஆட்சியே போய்விட்டது, சிலை திரும்பவில்லை. மார்க்ஸ்-எங்கெல்ஸ் ஜியோர்ஜ் ஷெகெஷ்டியுடையது, 1971. மடிப்பு மடிப்பாக, முகமெல்லாம் சதுரம் சதுரமாகக் கல்லில் வெட்டியது. கருங்கல் வந்தது ஆஸ்திரியாவின் மவுத்தவுசனிலிருந்து. நாஜி வதை முகாமும் கல் குவாரியும் இருந்த அதே மவுத்தவுசன்.

மாமா லெனினுக்கு முஷ்டியை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கூண்டு போடலையா?" என்றார். எங்கள் ஊரில் தலைவர் சிலை என்றால் சுற்றிலும் இரும்புக் கூண்டு இருக்கும். யாராவது இரவில் கையை உடைப்பார்கள், விடிந்தால் மறியல், பஸ் ஓடாது. இங்கே ஒரு கம்பிகூடக் கிடையாது. லெனினை யாரும் உடைக்கவும் வருவதில்லை, மாலை போடவும் வருவதில்லை. அதற்குப் பிறகு உள்ளே பார்த்த எதையும் நான் அந்தக் கூண்டை நினைக்காமல் பார்க்க முடியவில்லை.

உள்ளே நேராக ஒரு பாதை. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளையம் வளையமாகச் சிறு பாதைகள் பிரியும். எந்த வளையத்தில் போனாலும் சுற்றிவிட்டு அதே நேர் பாதைக்குத்தான் வந்து சேருவோம். சரி, அந்த நேர் பாதை எங்கே போகிறது? கடைசியில் ஒரு செங்கல் சுவரில் போய் முட்டுகிறது. அவ்வளவுதான், திரும்பி வர வேண்டும். விளக்கப் பலகை எதுவும் இல்லாமல் கால் நடையிலேயே ஒரு கருத்தைச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "பாதை முட்டுச்சந்துன்னு இவன் முடிவு பண்ணிட்டானா?" என்று சுவருக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பேசினார்.

சிலைகளில் எல்லோரும் படம் எடுப்பது ஓடுகிற மாலுமியை. பிரம்மாண்டம் என்றால் அப்படி ஒரு பிரம்மாண்டம். வாயைப் பிளந்து, கைகளை விரித்து, கையில் துணி பறக்க ஒரு மனிதன் பாய்ந்து வருகிறான். 1919இல் ஹங்கேரியில் 133 நாள் ஒரு சோவியத் குடியரசு, அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சி, நடந்தது. ஆயுதம் எடுக்கச் சொல்லி அப்போது ரோபர்ட் பெரேனி வரைந்த சுவரொட்டியைத்தான், ஐம்பதாவது ஆண்டு வந்தபோது, 1969இல், இஷ்த்வான் கிஷ் வெண்கலத்தில் நிறுத்தினார். காகிதத்தில் இரண்டு வண்ணத்தில் துள்ளிய உருவம் அது. அதை இத்தனை டன் உலோகமாக்கியதும் துள்ளல் போய் மிரட்டல் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். புடாபெஸ்ட்காரர்கள் அப்போதே இதற்குக் கேலி வைத்துவிட்டார்கள். ஓட்டல் கோட்டு அறையில் வேலை பார்க்கிற ஆள், "ஐயா, உங்க மப்ளரை விட்டுட்டுப் போறீங்க!" என்று வாடிக்கையாளர் பின்னால் ஓடுகிறானாம். இதைக் கேட்டபின் அந்தச் சிலையை வேறு மாதிரி பார்க்கவே முடியாது, முயற்சி செய்து பாருங்கள்.

நான் அதிக நேரம் நிற்பது பேலா குன் நினைவுச் சின்னத்தில். இம்ரே வர்கா செய்தது. 1919 குடியரசை நடத்தியவர் குன். அது விழுந்ததும் தப்பி ஓடி, கடைசியில் சோவியத் யூனியன் போய்ச் சேர்ந்தார். 1937இல் அங்கே அவரைக் கைது செய்தார்கள், 1938இல் சுட்டுக் கொன்றார்கள். கொன்றது ஸ்டாலினின் ஆட்சி. அந்த மனிதருக்கு நூற்றாண்டு என்று 1986இல் புடாபெஸ்டில் சிலை வைக்கச் சொன்னால் ஒரு சிற்பி என்ன செய்வார்?

வர்கா செய்ததைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வழக்கமான வெண்கலப் பாளம் இல்லை, தகட்டை வெட்டி வெட்டி நிறுத்திய உருவங்கள். ஒரு கூட்டம் முன்னோக்கி நகர்கிறது. பின்னால் குடையும் தொப்பியுமாக நகரத்துக்காரர்கள், முன்னே வர வர உருவங்கள் இறுகி, துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய்களாகிவிடுகின்றன. குன் அவர்களுக்கு மேலே நின்று கையிலிருக்கிற தொப்பியை அசைக்கிறார். கூட்டத்தைப் போகச் சொல்கிறாரா, விடைபெறுகிறாரா என்று சொல்ல முடியாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு தெருவிளக்குக் கம்பம். கூட்டத்தில் யாருக்கும் அது வெளிச்சம் தருவதாகத் தெரியவில்லை. தூக்குமரத்தின் சாடை என்று சிலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. உருவங்களுக்கு நடுவே சந்து இருப்பதால் ஒரு பக்கமிருந்து பார்த்தால் அடர்ந்த கூட்டம், இன்னொரு பக்கம் போனால் இடையில் வானம் தெரிகிற தகடுகள். அரசாங்கம் கேட்டது வீர வணக்கம். கொடுத்தது வீர வணக்கம் மாதிரி இருக்கிற வேறு ஏதோ. இதைப் புடாவில் வேர்மெஸோ புல்வெளியில் வைத்தார்கள், சில வருடங்களிலேயே ஆட்சி மாறி இங்கே வந்துவிட்டது. இந்தப் பூங்காவில் சிற்பம் என்ற அளவிலேயே நின்று பார்க்கத் தக்கது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மாமாவிடம் குன் கதையைச் சொன்னோம். "நம்ம ஆளுகளேவா?" என்றார். கணவர் தலையாட்டினார். "அது ஸ்டாலின் காலத்துத் தப்பு. அதுக்காக எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து காட்டுக்குள்ள வெச்சிருவீங்களா?" என்று ஆரம்பித்து அடுத்த இரண்டு வளையம் முழுக்க அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். பக்கத்தில் வந்த இத்தாலியக் குடும்பம் ஏதோ வழிகாட்டியோடு வந்த குழு என்று நினைத்து எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தது.

கைகுலுக்கும் சிலை ஒன்று இருக்கிறது. ஹங்கேரியத் தொழிலாளியும் சோவியத் சிப்பாயும், 1956இல் கிஷ்ஃபலுதி ஸ்ட்ரோப்ல் செய்தது. தொழிலாளி இரண்டு கையாலும் பிடிக்கிறார், சிப்பாய் ஒரு கையை மட்டும் நீட்டுகிறார். நட்புக்குச் சின்னம் என்று வைத்தது. கண் உள்ளவர்கள் அப்போதே பார்த்திருப்பார்கள். இதே சிற்பி செய்ததுதான் கெல்லேர்ட் குன்றின் மேல் இன்றும் கையில் ஓலை ஏந்தி நிற்கிற பெண். அவள் காலடியில் நின்ற சோவியத் சிப்பாய் மட்டும் 1992இல் இறங்கி இங்கே வந்துவிட்டார். அவள் இருக்கிறாள், கீழே பொறித்த எழுத்து மாறிவிட்டது. முன்பு சோவியத் வீரர்களுக்கு நன்றி, இப்போது ஹங்கேரியின் விடுதலைக்காக உயிர் கொடுத்த எல்லோருக்கும். அதே 1992இல் தமாஷ் சென்ட்யோபி என்ற கலைஞர் அவளுக்கு மேலிருந்து கீழ் வெள்ளைத் துணி போர்த்தி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஊருக்கே தெரிகிற பேயாக நிறுத்தி வைத்தார். தேர்தல் வந்தால் நம் ஊரில் தலைவர்களைத் துணியால் மூடி வைக்கிற வழக்கம் மாமாவுக்குத் தெரியும் என்பதால் இதற்கு மட்டும் அவரே சிரித்தார்.

ஓஸ்டாபென்கோ சிலையைத் தவறவிடாதீர்கள். அளவில் பெரிதில்லை, கையில் கொடி பிடித்த சோவியத் கேப்டன். 1944 டிசம்பர் 29இல், சோவியத் படை புடாபெஸ்டை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த ஜெர்மன் தரப்பைச் சரணடையச் சொல்லும் தூதராகப் போய் இறந்தவர். யார் சுட்டது என்று இன்றும் சண்டை உண்டு. யேனோ கெரேனி 1951இல் செய்த இந்தச் சிலை ஊர் எல்லையில், பாலட்டோன் சாலை தொடங்குகிற இடத்தில் நின்றது. லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றுகிற இளைஞர்கள் அங்கேதான் கூடுவார்களாம். ஏரிக்குப் போகிற குடும்பங்களுக்கு அவரைப் பார்த்தால் விடுமுறை ஆரம்பம், திரும்பும்போது பார்த்தால் முடிந்தது. அரசியல் எல்லாம் உதிர்ந்து அவர் ஒரு அடையாள இடமாகிவிட்டார். இங்குள்ள சிலைகளில் ஊர்க்காரர்கள் உண்மையாகவே தேடியது இவரை மட்டும்தான் என்று என் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார். அவர் காதலித்த காலத்துச் சந்திப்பிடம் அது, ஆகவே அவர் சாட்சியைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற பலகைச் சிற்பங்கள், மார்பளவுச் சிலைகள், பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் டிமிட்ரோவின் சிலைகள் எல்லாம் ஒரு பார்வை போதும். ஆர்டர் எடுத்துச் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும்.

வாசலுக்கு எதிரே, சாலை ஓரமாகத் தனி மேடையில் ஸ்டாலினின் பூட்ஸ். முழு ஸ்டாலின் 1951இல் நகரப் பூங்கா அருகே எழுந்தார், ஷாண்டோர் மிகுஷ் செய்தது, 8 மீட்டர் வெண்கலம். பழைய ஹங்கேரியப் பிரமுகர்களின் சிலைகளையும் உருக்கித்தான் அந்த வெண்கலம் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். சதுக்கத்தை விரிக்க ரெக்னும் மரியானும் என்ற தேவாலயத்தையும் இடித்தார்கள். இவ்வளவு செய்து வைத்த சிலை ஐந்து வருடம்கூட நிற்கவில்லை. 1956 அக்டோபர் 23 இரவு, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான புரட்சி வெடித்தபோது, மக்கள் முழங்காலுக்குக் கீழே காஸ் வைத்து அறுத்து, கம்பிக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். பூட்ஸ் மட்டும் மேடையில் நின்றது. ஊர் உடனே அந்த இடத்துக்குப் பூட்ஸ் சதுக்கம் என்று பெயர் வைத்துவிட்டது. இங்கே நிற்பது அசல் இல்லை, ஐம்பதாவது ஆண்டுக்காக 2006இல் செய்து வைத்தது. அசல் இல்லை என்பது எனக்கு உறுத்தவில்லை. உடைத்ததை நினைவில் வைக்க, உடைந்த வடிவிலேயே ஒரு புதுச் சிலை செய்திருக்கிறார்கள். தலையும் உடம்பும் கொண்ட எந்த ஸ்டாலினும் இந்த அளவுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்காது.

பூட்ஸுக்கு அருகில் மரக் கொட்டகையில் ரகசியப் போலீசின் பயிற்சிப் படங்களிலிருந்து தொகுத்த ஒரு படம் ஓடும். வீட்டைச் சோதிப்பது எப்படி, ஒட்டுக்கேட்கும் கருவியை எங்கே ஒளிப்பது என்று பொறுமையாகப் பாடம் எடுப்பார்கள். ஆங்கில வரிகள் உண்டு. வெயிலாக இருந்தால் உட்கார்ந்து பார்க்கவும் நல்லது. டிராபன்ட் என்ற பழைய கிழக்கு ஜெர்மனி கார் ஒன்று நிற்கிறது, ஏறி உட்காரலாம். பிள்ளைகளுக்கு அதுதான் பூங்காவின் முக்கிய அம்சம். பழைய தொலைபேசியை எடுத்தால் லெனின், ஸ்டாலின் வகையறாக்களின் குரல் கேட்கும். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம். உள்ளே எலெயோட் கேலியைத் தவிர்த்து இவ்வளவு நிதானமாகக் கட்டியிருக்க, வாசலில் கடை போட்டுக் கேலியை விற்கிறார்கள். சிவப்பு நட்சத்திரத் தொப்பி, லெனின் மெழுகுவத்தி, போர்ப் பாட்டு சிடி. "கம்யூனிசத்தின் கடைசி மூச்சு" என்று எழுதிய தகர டப்பாவும் உண்டு, உள்ளே காற்று மட்டும். மாமா அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டார். "காலி டப்பாவுக்குக் காசா? இதுதாங் கண்ணு முதலாளித்துவம்" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

கடையில் வாங்க வேண்டிய ஒரே பொருள் வழிகாட்டிப் புத்தகம். சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற பலகையில் அதிக விவரம் கிடையாது. எங்கே நின்றது, யார் கேட்டு வைத்தார்கள், ஏன் இறக்கினார்கள் என்ற கதை தெரியாமல் சுற்றினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றும் கேட்பீர்கள். கதை தெரிந்தால் இரண்டு மணி நேரம் போதாது. ஆங்கில வழிகாட்டியோடு சுற்றும் நேரம் அமைந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

போகிற வழி: பச்சை மெட்ரோ, அதாவது எம்4, கடைசி நிறுத்தம் கெலென்ஃபோல்ட். அங்கிருந்து 101பி, 101இ அல்லது 150 பஸ். எல்லாம் எல்லா நாளும் ஓடாது, 150 சுற்றிக்கொண்டு போகும், கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜூலை மதியத்தில் பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டாம், குளிர்காலத்தில் காற்று எலும்பைத் தொடும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் சரி. சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனோம்.

காலை 10 மணிக்குத் திறந்ததும் போய்விட்டால் மதியத்துக்குள் ஊர் திரும்பிவிடலாம். அப்படித் திரும்பினால் 2ஆம் எண் டிராம் பிடித்து யாசாய் மாரி சதுக்கத்தில் இறங்குங்கள். வாசலில் பார்த்த மார்க்ஸும் எங்கெல்ஸும் முன்பு நின்றது இந்தச் சதுக்கத்தில்தான், கட்சித் தலைமையகத்துக்கு முன்னால். இப்போது அதே சதுக்கத்தில் ஒரு சின்னப் பாலத்தின் மேல் இம்ரே நாஜ் நிற்கிறார். 1956 புரட்சியின் பிரதமர், 1958இல் தூக்கிலிடப்பட்டவர். இந்தச் சிலை 1996இல் பார்லிமென்ட் அருகே வைத்தது. 2018 டிசம்பரில் ஓர் அதிகாலையில் அங்கிருந்து தூக்கி இங்கே கொண்டுவந்தார்கள். அவர் நின்ற இடத்தில் இப்போது இருப்பது 1919 சிவப்புப் பயங்கரத்தில் பலியானவர்களுக்கான நினைவுச் சின்னம். 1934இல் வைத்து, 1945இல் இடித்து, மறுபடி எழுப்பியது. பலியானவர்கள் என்றால் பேலா குன் ஆட்சியில். நாஜ் சிலையைச் செய்தவர் தமாஷ் வர்கா, குன் சிலையைச் செய்த இம்ரே வர்காவின் மகன். அப்பா வேலையும் இடம் மாறியது, மகன் வேலையும் இடம் மாறியது. மெமென்டோ பார்க் 1993இல் முடிந்துபோன கணக்கு இல்லை என்பது இங்கே வந்தால்தான் புரியும். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறேன்.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே மார்கரெட் பாலம். பாதிப் பாலம் நடந்து தீவில் இறங்கினால் மர நிழல், பெஞ்சு, ஐஸ்கிரீம் எல்லாம் கிடைக்கும். மாமா அங்கே உட்கார்ந்துதான் அந்த முட்டுச்சுவர் விவகாரத்தை மறுபடி எடுத்தார்.